விவாதம்: பாஸ்போர்ட் போனால் கூலிக்கொலையாளிக்கு வழியே இல்லையா? ‘தி அவுட்சைட் மேன்’ (1972)

இரண்டாம் ஆட்டம் · ஜூன் 4, இரவு 11.20

ழாக் தெரே இயக்கிய ‘தி அவுட்சைட் மேன்’ பார்த்தேன். கதையின் அடிப்படையிலேயே ஓட்டை இருக்கிறது என்பது என் கட்சி.

பாரிஸிலிருந்து வரும் லூசியன் (ழான்-லூயி த்ரந்தினியான்) கோவாக்ஸ் என்ற தாதாவை அவர் வீட்டிலேயே சுட்டுவிட்டு ஹோட்டலுக்குத் திரும்புகிறான். அங்கே அவன் ஏற்கெனவே ரூமைக் காலி செய்துவிட்டதாகக் கணக்கு. பெட்டி இல்லை, பாஸ்போர்ட் இல்லை. வெளியே ராய் ஷைடர் துப்பாக்கியோடு துரத்துகிறான். இதுவரை சரி. ஆனால் கொஞ்சம் பணம் இருந்தாலே அதே ராத்திரி ஏதாவது ஒரு விமானத்தில் ஏறி ஊரைவிட்டுப் போயிருக்கலாமே? எதற்குப் படம் முழுக்க லாஸ் ஏஞ்சலஸுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடிவாங்க வேண்டும்?

இன்னொன்று. தொழில் தெரிந்தவன் பாஸ்போர்ட்டை ரூமில் விட்டுவிட்டுக் கொலைக்குப் போவானா?

நடைமேடை · ஜூன் 5, காலை 6.50

முதல் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போவது வேறு, நாட்டைவிட்டுப் போவது வேறு.

ஊரைவிட்டுப் போவது 1972இல் ரொம்பச் சுலபம். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து எந்தப் பெயரிலும் டிக்கெட் வாங்கலாம். அடையாள அட்டை காட்டச் சொல்லும் பழக்கம் 1990களில்தான் வந்தது. பயணிகள் எல்லோரையும், அவர்கள் கைப்பைகளையும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயமே 1973 ஜனவரி 5ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து விமானக் கடத்தல்கள் நடந்ததால் வந்த விதி அது. ஆக, லூசியன் நினைத்திருந்தால் விடிவதற்குள் நியூயார்க்கில் இருந்திருக்கலாம்.

ஆனால் நியூயார்க்கில் போய் என்ன செய்வான்? அங்கேயும் அதே சுவர்தான். அமெரிக்காவில் வெளியேறும்போது குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தும் முறை கிடையாது. தடுப்பது விமான நிறுவனத்தின் கவுண்டர். சரியான ஆவணம் இல்லாத ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் கவுண்டர் பெண் அதிகாரியைவிடக் கறாராக இருப்பாள். பிரெஞ்சுக்காரன் பிரான்சுக்குத்தான் போகிறான், அந்த நாடு அவனை மறுக்க முடியாது என்ற வாதமெல்லாம் கவுண்டரில் செல்லாது.

தூதரகம் இருக்கிறதே என்பீர்கள். பாஸ்போர்ட் தொலைத்தவருக்கு ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒருவழிப் பயண ஆவணம் தூதரகம் தரும். அதற்கு முதலில் தொலைந்ததாக போலீஸில் புகார், பிறகு போட்டோ, பிறகு நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு ஆதாரம். பெவர்லி ஹில்ஸில் ஒரு பெரிய மனிதர் செத்த அடுத்த நாள், போலீஸ் ஸ்டேஷன் மேசையில் முகத்தைக் காட்டி, என்று வந்தாய், எந்த ஹோட்டல், ஏன் வந்தாய் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்தக் கொலையாளியும் அதைச் செய்ய மாட்டான்.

புரொஜெக்டர் அறை · ஜூன் 5, காலை 9.15

இரண்டாவது கேள்விக்கு நான். பாஸ்போர்ட்டை ரூமில் விட்டுப் போனதுதான் தொழில்காரன் செய்யும் காரியம். சுடும் இடத்தில் பையிலிருந்து எது விழுந்தாலும் அது சாட்சி. வழியில் போக்குவரத்து போலீஸ் நிறுத்திச் சோதித்தாலும் பெயர் தெரியக்கூடாது. ஆகவே கையில் எதுவும் இல்லாமல் போவான்.

தவறு வேறு இடத்தில். ரூமை ஏற்பாடு செய்தவர்களும் கொலைக்கு ஏற்பாடு செய்தவர்களும் ஒரே ஆட்கள். ஹோட்டல் லாக்கரில் தன் கையெழுத்தில் போட்டிருந்தாலோ, பஸ் நிலைய லாக்கரில் வைத்துச் சாவியைக் கையோடு வைத்திருந்தாலோ இன்னொருவன் எடுத்திருக்க முடியாது. லூசியன் தங்குமிடத்தை நம்பிவிட்டான். வேலை கொடுத்தவனே வேலைக்காரனையும் முடிக்க இன்னொருவனை அமர்த்துவான் என்று அவன் கணக்கில் இல்லை.

இந்த ஏற்பாட்டின் தந்திரத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டு ஆளை வரவழைப்பது எதற்கு? உள்ளூர் போலீஸின் கோப்பில் அவன் முகம் இருக்காது. செத்தவரோடு அவனுக்குப் பகை இருக்காது. அவனைத் தேட ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். இந்த மூன்று வசதியும் அப்படியே திரும்பி அவனைக் கொல்வதற்கும் வசதியாகிவிடுகின்றன. படத்தின் முழுத் திரைக்கதையும் இந்த ஒரு அச்சில்தான் சுழல்கிறது. அதனால்தான் இதை ஓட்டை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இரண்டாம் ஆட்டம் · ஜூன் 5, மதியம் 1.05

பாஸ்போர்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மெக்சிகோ? லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எல்லை பக்கம்தானே.

நடைமேடை · ஜூன் 5, இரவு 8.30

பக்கம்தான். தீஹுவானா எல்லை தெற்கே சுமார் 210 கிலோமீட்டர், காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குள் நடந்து போக யாரும் பெரிதாகக் கேட்கவும் மாட்டார்கள். படத்தில் இதை ஒரு வரியில்கூட யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கும் கொஞ்சம் உறுத்தல்.

ஆனால் தாண்டிய பிறகு? பேப்பர் இல்லாத மனிதன் மெக்சிகோவிலும் பேப்பர் இல்லாத மனிதன்தான். விமானம் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். கனடாவின் பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியாலை நினைத்தாலும் அதே கதைதான். அன்றைக்கு அமெரிக்கக் குடிமகன் வாய்ச்சொல்லால் எல்லையைத் தாண்டிவிடுவான், பாரிஸ் உச்சரிப்போடு ஒருவன் தாண்ட முடியாது. அதுவும் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிப் போன பிறகு.

மிஞ்சியது ஒரே வழி, போலி பாஸ்போர்ட். அதைச் செய்துதர ஆளைத் தெரிந்த ஆள் வேண்டும். பாரிஸுக்கு போன் போட்டு, அங்கிருந்து பெயர் வாங்கி, ஆன்-மார்கிரட் நடிக்கும் நான்சியிடம் போகிறான் பாருங்கள், அது காதல் கிளைக்கதைக்காகச் சேர்த்தது அல்ல. வேறு கதவு இல்லை.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் தெருவோர போனில் உள்ளூர் அழைப்புக்கு 10 சென்ட். பாரிஸ் வேண்டுமென்றால் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, எண் சொல்லி, நாணயங்களை வரிசையாகப் போட வேண்டும், இல்லை அந்தப் பக்கம் கட்டணம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒளிந்து திரிபவனுக்கு ஒவ்வொரு அழைப்பும் ஒரு சாட்சியை உண்டாக்குகிறது.

தென்மேற்கு · ஜூன் 6, மாலை 5.40

எல்லோரும் பாஸ்போர்ட்டிலேயே நிற்கிறீர்கள். அவனை உண்மையில் சிறைப்பிடித்தது கார் இல்லாமைதான்.

மெல்வில் எடுத்த ‘லெ சமுராய்’ (1967) நாயகனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவனும் தனியாள், அவனையும் வேலை கொடுத்தவர்களே கொல்லப் பார்க்கிறார்கள். ஆனால் அது அவன் ஊர். ஒரு வளையம் நிறையச் சாவிகளை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் சித்ரோயன் காரில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் வளையத்தைப் பரப்பி, கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பான். போலீஸ் மெட்ரோவில் துரத்தும்போது எந்த நிலையத்தில் எந்தப் படி எங்கே ஏறும் என்று அவனுக்குத் தெரியும்.

லூசியனுக்கு அது ஒன்றும் இல்லை. 1972இன் லாஸ் ஏஞ்சலஸில் நகருக்குள் ஓடும் ரயிலே கிடையாது. புறநகர் சிவப்பு டிராம்களின் கடைசி வழித்தடம் 1961இல் நின்றது, நகர டிராம் 1963இல். அடுத்த ரயில் பாதை திறந்தது 1990இல். நடுவில் இருந்தது பஸ் மட்டும். நடைபாதையில் நடந்து போகிறவனையே சந்தேகமாகப் பார்க்கும் ஊர் அது. அங்கே துரத்தப்படுகிறவன் செய்யக்கூடியது ஒன்றுதான், ஓட்டத் தெரிந்த ஆளோடு சேர்த்து காரைப் பிடிப்பது. ஜார்ஜியா எங்கல் நடித்த மிஸஸ் பார்ன்ஸை அவன் காரோடு கடத்துவது அப்படித்தான். கார் மட்டும் கிடைத்தால் போதாது, ஒளிய வீடு வேண்டும், அந்த வீட்டில் சந்தேகம் வராதபடி ஒரு குடும்பம் வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் கிடைக்கின்றன.

அந்த வீட்டுப் பையன்தான் ஜாக்கி எர்ல் ஹேலி. அவனுக்கு இதுதான் முதல் படம். வீட்டில் டிவியில் ‘ஸ்டார் ட்ரெக்’ ஓடும். துப்பாக்கியோடு ஒருவன் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க, அந்த வீடு தன் பாட்டுக்கு இயங்குகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அந்நிய நாட்டில் மாட்டிக்கொண்ட பயத்தை இவ்வளவு சாதாரணமான அறையில் காட்டிய வேறு கிரைம் படம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

புரொஜெக்டர் அறை · ஜூன் 6, இரவு 10.10

தென்மேற்கு சொன்னதோடு சேர்த்துக்கொள்ள ஒன்று. கடற்கரையில் இடிந்து கிடக்கும் கேளிக்கைப் பூங்காவைப் பார்த்தீர்களா? அது செட் இல்லை. சான்டா மோனிகாவின் பசிபிக் ஓஷன் பார்க். 1955இல் திறந்த டிஸ்னிலேண்டுக்குப் போட்டியாக 1958இல் கடலுக்குள் நீளும் பாலத்தின் மேல் கட்டினார்கள். 1967இல் மூடிவிட்டார்கள். உப்புக்காற்று ஒரு பக்கம் தின்ன, அடிக்கடி தீப்பிடித்து மறுபக்கம் எரிய, 1970களின் நடுவில் மொத்தமாக இடித்து அகற்றினார்கள். ஆக, இந்தப் படம் பிடித்த சமயம் அது எலும்புக்கூடாக நின்ற சில வருடங்களுக்குள் வருகிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே அலைச்சறுக்கிய பையன்கள்தான் பின்னால் டாக்டவுன் ஸ்கேட்போர்டுக் கூட்டம் என்று பெயர் வாங்கினார்கள்.

உள்ளூர் இயக்குநருக்கு அது குப்பை. வெளியூர்க்காரன் கண்ணுக்குத்தான் அது துப்பாக்கிச் சண்டைக்கான இடம். தெரேயின் முந்தைய படங்கள் ‘லா பிசீன்’ (1969), ‘போர்சலினோ’ (1970). ஒன்று நீச்சல் குளத்தையே சுற்றும், மற்றது மார்சேயை 1930களுக்குக் கொண்டுபோகும். இடத்தைப் பாத்திரமாக்குவது அவருக்குக் கைவந்த வேலை.

திரைக்கதையில் ழான்-க்ளோத் காரியேரோடு இயன் மக்லெல்லன் ஹன்டர் பெயரும் வரும். ‘ரோமன் ஹாலிடே’ (1953) கதைக்கான ஆஸ்கர் அவர் பெயரில்தான் போனது. உண்மையில் எழுதியவர், கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்களின் கருப்புப் பட்டியலில் இருந்த டால்டன் ட்ரம்போ. பிறகு ஹன்டரும் அதே பட்டியலில் மாட்டினார். அடுத்தவன் பெயரில் வாழ்வது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் இந்தக் கதையில் கை வைத்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டாம் ஆட்டம் · ஜூன் 7, காலை 7.30

ஓட்டை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், சுருக்கிக்கொள்கிறேன். மெக்சிகோ பற்றி ஒரு வரி வசனம் வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் நிற்கிறது.

ஆனால் சவ அடக்க நிலையக் காட்சி? கோவாக்ஸின் பிணத்தைப் பதப்படுத்தி, கோட்டு சூட்டோடு, கையில் சுருட்டோடு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்களே. அது மட்டும் சத்தியமாக நடக்காது.

நடைமேடை · ஜூன் 7, காலை 8.00

நடக்கும். 1984இல் சிகாகோவில் ஒருவரை காடிலாக் கார் வடிவில் செய்த சவப்பெட்டியில், ஸ்டியரிங் முன்னால் உட்கார்த்தி அடக்கம் செய்தார்கள். 2008இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஒரு இளைஞரின் உடலை வீட்டு மூலையில் நிற்க வைத்தே துக்கம் கேட்டார்கள். இரண்டுமே செய்தியில் வந்தவை, இரண்டுமே இந்தப் படத்துக்குப் பிறகு.

தென்மேற்கு · ஜூன் 7, மாலை 6.20

செய்முறையைச் சொல்கிறேன். படம் எங்கே சரி, எங்கே மழுப்புகிறது என்று தெரியும்.

கோவாக்ஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர். கலிஃபோர்னியாவில் கொலை என்றால் உடல் நேராகக் குடும்பத்துக்குப் போகாது, சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கரோனரிடம் போகும். அப்போது லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் தலைமைக் கரோனர் தாமஸ் நொகுச்சி. பிரேதப் பரிசோதனை நிச்சயம். நெஞ்சு, வயிறு, மண்டை மூன்றும் திறக்கப்பட்டு, பெரிய ரத்தக்குழாய்கள் அறுபட்டிருக்கும்.

சாதாரணப் பிணத்துக்குக் கழுத்துத் தமனியில் ஒரு குழாய் போட்டுத் திரவத்தை ஏற்றி, பக்கத்துச் சிரையில் ரத்தத்தை வடிப்பார்கள். ஒரே இடத்திலிருந்து உடம்பு முழுக்கப் போய்விடும். பரிசோதனை முடிந்த உடலில் அந்த வழி அறுந்துவிடுவதால் ஆறு இடத்தில் தனித்தனியாக ஏற்ற வேண்டும்: கழுத்தில் இரண்டு, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. ஃபார்மால்டிஹைடு கலந்த திரவம், 50 பவுண்டு எடைக்கு ஒரு கேலன் என்பது பொதுக் கணக்கு. 80 கிலோ ஆளுக்கு மூன்றரை கேலன், அதாவது 13 லிட்டர் சுமாராக.

உட்கார வைப்பதில் நேரம்தான் எல்லாம். செத்த சில மணி நேரத்தில் விறைப்பு தொடங்கி, அரை நாளில் முழுதாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் தானே தளரும். குளிர் அறையில் வைத்தால் இன்னும் தாமதமாகும். விறைப்பு போன பிறகு, திரவம் ஏற்றும்போதே இடுப்பையும் முழங்காலையும் மடித்து நிலையை அமைத்துவிட வேண்டும். திரவம் சதையைக் கெட்டியாக்கிய பிறகு வளைத்தால் தோல் சுருங்கும், தையல் பிரியும். முதுகுக்கும் பிடரிக்கும் மறைவாகத் தாங்குகட்டை. வாய் திறக்காமலிருக்க மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் கம்பி கோத்த முள் ஆணி அடித்து, இரண்டு கம்பியையும் முறுக்குவார்கள். சுருட்டைப் பிடித்த விரல்களைத் தனித்தனியாக வளைத்து, கெட்டியாகும்வரை கட்டி வைத்திருப்பார்கள். தையல் வழியே கசிவு வரும் என்பதால் உள்ளே உறைய வைக்கும் பொடி, கோட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உள்ளுடுப்பு.

ஆக, முடியும். படம் மழுப்புவது நாள் கணக்கை. கரோனர் விட்டு, பதப்படுத்தி, நிலை அமைத்து, முகப்பூச்சு முடிக்கக் கதையில் தெரியும் அவகாசம் கொஞ்சம் நெருக்கடி. அந்த முகப்பூச்சுப் பெண்ணாக வருவது டாலியா ஷயர், அதே 1972இல் ‘தி காட்ஃபாதர்’ படத்தில் கோனி.

நமக்கு இந்தக் காட்சி வேறு மாதிரிதான் படும். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் நாடிக்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்துத்தான் மாலை போடுகிறார்கள், உட்கார்ந்த நிலையிலேயே பாடையில் ஏற்றுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் பிணம் நமக்கு வினோதம் இல்லை. அதனால் அமெரிக்கப் பார்வையாளருக்கு வந்த திடுக்கிடல் நமக்குக் குறையலாம். எனக்குத் திடுக்கென்றது பிணத்தால் அல்ல, சுற்றி நிற்கும் ஆட்கள் அதை இன்னும் முதலாளியாகவே நடத்துவதால்.

புரொஜெக்டர் அறை · ஜூன் 7, இரவு 9.45

அந்தக் கோவாக்ஸ் வேடம் டெட் டி கோர்சியா. ‘தி நேக்கட் சிட்டி’ (1948) உச்சக்காட்சியில் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் ஏறி ஓடும் வில்லன் அவர்தான். பழைய கேங்ஸ்டர் படங்களின் முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டு, கடைசியில் அந்தப் பாத்திரத்தை நாற்காலியில் உட்கார்த்தியிருக்கிறார்கள். 1973இல் டி கோர்சியா காலமானார்.

இரண்டாம் ஆட்டம் · ஜூன் 8, மதியம் 12.15

மறுபடி பார்க்கப் போகிறேன். என்னிடம் இருக்கும் ஐரோப்பியப் பிரதி 100 நிமிடம். எல்லா இடத்திலும் 104 என்று போட்டிருக்கிறது. வெட்டிவிட்டார்களா? பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு ஒலித்தடமும் இருக்கிறது. சப்டைட்டில் தனியாக இறக்கியதில் போகப்போகத் தள்ளிப்போகிறது.

புரொஜெக்டர் அறை · ஜூன் 8, இரவு 7.50

வெட்டு இல்லை, வேகம். ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம், ஐரோப்பிய டிவியின் பால் (PAL) முறை 25. ஒவ்வொரு விநாடியிலும் ஒரு பிரேம் கூடுதலாக ஓடுவதால் 104 நிமிடம் 100க்குள் அடங்கிவிடும். காட்சி எதுவும் போகாது. மிஷல் லெக்ராந்தின் இசை மட்டும் ஒரு செமிடோனில் முக்கால்வாசி ஏறிக் கேட்கும். அந்த ஃபங்க் பேஸின் கனம் அதில் குறைகிறது, அதனால் 24 பிரேமில் ஓடும் ப்ளூரே கிடைத்தால் அதைப் பாருங்கள்.

சப்டைட்டில் அமெரிக்கப் பிரதிக்குச் செய்ததாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கும். மொத்தமாக முன்னே நகர்த்தினால் சரியாகாது, ஆரம்பத்தில் பொருந்தி முடிவில் மறுபடி தள்ளும். சப்டைட்டில் எடிட்டரில் பிரேம் விகிதம் மாற்றும் இடத்துக்குப் போய் 23.976இலிருந்து 25க்கு மாற்றுங்கள். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பொருத்திப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு விலகினால் அந்த அளவை மட்டும் நகர்த்தினால் போதும்.

ஒலித்தடம் ஆங்கிலமே வையுங்கள். அமெரிக்கர்களும் பிரெஞ்சு பேச ஆரம்பித்துவிட்டால் லூசியனுக்கு இருக்கும் மொழிச் சிக்கல் காணாமல் போய்விடும். த்ரந்தினியான் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் எடைபோட்டுச் சொல்வதும், மிஷல் கான்ஸ்தான்தின் நடிக்கும் பிரெஞ்சுக் கூட்டாளி வந்து சேர்ந்த பிறகு லூசியனின் உடம்பு தளர்வதும் அந்தத் தடத்தில்தான் தெரியும்.